பல் டாக்டரிடம் போவதா, தள்ளிப் போடுவதா? - கொரோனா காலம் கற்றுத்தந்த ஒரு கணக்கு

(இறுதியாண்டு, இயந்திரவியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது நம் வகுப்பில் பாதிப் பேர் ரோபோ பற்றியும், மீதிப் பேர் மின்சார வாகனம் பற்றியும் எழுதப் போவதாகச் சொன்னார்கள். நான் பல்லைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் சிரித்தார்கள். சிரிக்கட்டும், சிரிப்பதற்கும் பல் வேண்டுமே! "பல் போனால் சொல் போச்சு" என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

2020-ல் கொரோனா வந்தபோது, பல் டாக்டரிடம் ஏற்கெனவே நாள் குறித்து வைத்திருந்த வீடுகளில் எல்லாம் ஒரே கேள்விதான். போவதா, வேண்டாமா? போனால் நோய் வருமோ என்று பயம். போகாவிட்டால் பல் என்னாகுமோ என்று பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் எப்படி முடிவு எடுப்பது? இதில் நம் ஒர்க்ஷாப் பாடமும் கொஞ்சம் இருக்கிறது. அதனால்தான் இந்த மலரில் எழுதத் துணிந்தேன்.

பல் கிளினிக்குக்கு மட்டும் ஏன் இத்தனை பயம்?

காய்ச்சலுக்குப் போனால் டாக்டர் தள்ளி உட்கார்ந்து விசாரிக்கலாம். நாமும் மாஸ்க்கைக் கழற்ற வேண்டியதில்லை. பல் டாக்டரிடம் அது நடக்குமா? மாஸ்க்கைக் கழற்றி வாயைத் திறந்தால்தான் வேலையே ஆரம்பம். டாக்டரின் முகம் நம் வாயிலிருந்து ஒரு முழம் தூரம்கூட இருக்காது. கொரோனா கிருமி எச்சிலிலும் இருக்கும். காய்ச்சல், இருமல் எதுவும் இல்லாத ஆளிடமிருந்தும் பரவும். ஆகவே வாசலில் நெற்றிக்கு நேரே வெப்பமானியைக் காட்டி "நார்மல்" என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது.

அமெரிக்காவின் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை 2020 மார்ச்சில், எந்தெந்த வேலை பார்ப்பவர்களுக்கு எவ்வளவு ஆபத்து என்று ஒரு வரைபடம் வெளியிட்டது. அதில் பல் டாக்டர்களும் பல் சுத்தம் செய்கிற பணியாளர்களும் மிக உயர்ந்த இடத்தில் இருந்தார்கள். நாம் வருஷத்துக்கு ஒரு நாள் அந்த நாற்காலியில் உட்காருகிறோம். அவர்களோ தினமும் எத்தனையோ வாய்களுக்கு முன்னால் நிற்கிறார்கள்.

ஏர் ரோட்டார் என்ற குட்டி டர்பைன்

பல் டாக்டரிடம் போனவர்களுக்கு அந்த "ஙொய்..." என்ற சத்தம் மறக்காது. அந்தக் கருவியின் பெயர் ஏர் ரோட்டார். அமெரிக்காவில் ஜான் போர்டன் என்பவர் 1957-ல் சந்தைக்குக் கொண்டுவந்த கருவியின் வழித்தோன்றல் அது. அதன் தலைக்குள் இருப்பது ஒரு சின்ன ஏர் டர்பைன். கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்று அதன் இறக்கைகளைத் தள்ள, நுனியில் மாட்டிய வெட்டுக்கருவி நிமிஷத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கும் மேல் சுற்றும். நாம் ஒர்க்ஷாப்பில் லேத்தைச் சில நூறு சுற்றில் ஓட்டிவிட்டே பெருமைப்படுகிறோம்!

அவ்வளவு வேகத்தில் வெட்டினால் சூடு வரும். பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கின்றன. உள்ளே ஐந்தாறு டிகிரி சூடு ஏறினாலே அவை கெட்டுப்போக வாய்ப்புண்டு. அதனால் வெட்டுகிற இடத்தில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். கிரைண்டிங் மெஷினில் கூலன்ட் விட்டால் சுற்றிலும் பனி மாதிரி கிளம்புகிறதே, அதே கதைதான். இங்கே கிளம்புகிற பனியில் தண்ணீரோடு எச்சிலும், சில சமயம் ரத்தமும் கலந்திருக்கும். பெரிய துளிகள் சீக்கிரம் கீழே விழுந்துவிடும். மிக நுண்ணிய துளிகள் காற்றிலேயே மிதக்கும். காற்றோட்டம் இல்லாத அறையில் அடுத்து வருகிறவர் வரைக்கும் மிதந்தாலும் மிதக்கும். பல் காரையை எடுக்கிற அதிர்வுக் கருவியிலும் (ஸ்கேலர்) இதே தொல்லை உண்டு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பல் டாக்டர் செய்கிற எல்லா வேலையிலும் இந்தப் பனி கிளம்புவதில்லை. வாயைப் பார்த்து மருந்து எழுதுவது, சாதாரணமாக ஒரு பல்லைப் பிடுங்குவது, ஆட்டமான பல்லைக் கட்டுவது, கையால் சுரண்டிச் சுத்தம் செய்வது இவற்றுக்கெல்லாம் ஏர் ரோட்டார் தேவைப்படாது. ஆகவே "பல் டாக்டரிடம் போகலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "என்ன வேலைக்காகப் போகிறோம்?" என்று கேட்டால்தான் கணக்கு ஆரம்பமாகும்.

அரசாங்கம் சொன்னது

2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144 தடை வந்தது. 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு. நம் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் பல கிளினிக்குகள் ஷட்டரை இறக்கிவிட்டன. சென்ட்ரலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆனால் அங்கே போக நமக்கு இருப்பது மின்சார ரயில்தானே? அந்த ரயில் 2020 அக்டோபர் வரை பொதுமக்களுக்கு ஓடவில்லை. அக்டோபரிலும் முதலில் அத்தியாவசியப் பணியாளர்களைத்தான் ஏற்றினார்கள்.

மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டில் தொற்று பரவி, மார்க்கெட்டை மூடி, காய்கறி மொத்த வியாபாரத்தைப் பூந்தமல்லிக்குப் பக்கத்தில் திருமழிசைக்கு மாற்றினார்கள். அதே மே மாதம் 19-ம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் பல் மருத்துவத்துக்கென்று தனியாக வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. அதன் சாரம் இதுதான்: தடை செய்யப்பட்ட பகுதியில் கிளினிக் திறக்கக் கூடாது. சிவப்பு மண்டலத்தில் அவசர சிகிச்சை மட்டும் செய்யலாம். மற்ற மண்டலங்களில் அவசரமானதும் உடனடியாகத் தேவைப்படுவதும் செய்யலாம். வழக்கமான வேலைகளைத் தள்ளிப் போட வேண்டும். முதலில் போனில் விசாரித்து, அதன்பிறகுதான் நோயாளியை வரவழைக்க வேண்டும்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் வீட்டுப் பல் அவசரமா, அவசரமில்லையா என்று யார் சொல்வது? அங்கேதான் சிக்கல்.

எங்கள் வீட்டுக் கணக்கு

நாங்கள் இருப்பது பட்டரவாக்கம். அப்பாவுக்கு எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை. அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல். வீட்டில் ஆயாவும் உண்டு, சர்க்கரை வியாதிக்காரர். ஒரே அறை, ஒரு சமையல் தடுப்பு. இதுதான் எங்கள் வீடு.

அம்மாவுக்குக் கடைவாய்ப் பல்லில் ரூட் கேனல் சிகிச்சை. 2020 மார்ச் 14-ம் தேதி முதல் சிட்டிங். பல்லைத் திறந்து, கெட்டுப்போன நரம்பை எடுத்து, மருந்து வைத்து, மேலே தற்காலிகமாக அடைத்து அனுப்பினார்கள். அடுத்த சிட்டிங் 28-ம் தேதி என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அதற்குள் ஊரே அடைந்துவிட்டது.

ஏப்ரல், மே இரண்டு மாதமும் வலியே இல்லை. ஜூன் முதல் வாரத்தில் சாப்பிடும்போது அந்தத் தற்காலிக அடைப்பில் ஒரு மூலை உடைந்து விழுந்தது. அப்போதும் வலி இல்லை. கிளினிக்கிலிருந்து மெசேஜ் வந்தது, ஜூன் 18 காலை வரலாம் என்று. மெசேஜ் இங்கிலீஷில் இருந்தது. ஏழாவது முடித்திருந்த நான்தான் வீட்டில் அதிகம் படித்தவன். அதனால் படித்துச் சொல்கிற வேலை என்னிடம் வந்தது.

ஜூன் 15-ம் தேதி இன்னொரு அறிவிப்பு வந்தது. சென்னையிலும், சுற்றியுள்ள திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டப் பகுதிகளிலும் 19 முதல் 30 வரை முழு ஊரடங்கு. பக்கத்துத் தெருவை ஏற்கெனவே தகரம் அடித்து மூடியிருந்தார்கள். மாநகராட்சியின் காய்ச்சல் முகாம் எங்கள் தெருமுனைக்கு வந்து போயிருந்தது.

"வலியே இல்லாத பல்லுக்காக ஊர்ல இருக்கிற நோயை வீட்டுக்குக் கொண்டாரணுமா?" என்றார் ஆயா. அப்பாவுக்குக் காசுக் கவலை. அந்த மாதம் சம்பளம் பாதிதான். அம்மா எதுவும் சொல்லவில்லை. ஆயாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் காலமெல்லாம் தன்னைத்தானே சொல்வார்கள் என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது.

"டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேளுடா" என்றார் அப்பா. ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். போகலாமா என்று கேட்காமல், அன்றைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டார் அப்பா. மெஷின் வேலை செய்கிறவர் கேட்கிற கேள்வி அது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். ரூட் கேனலில் பல்லைத் திறக்கும்போதுதான் ஏர் ரோட்டார் வேண்டும், அது மார்ச் மாதமே முடிந்துவிட்டது. இப்போது மீதி அடைப்பைக் கைக்கருவியால் எடுத்து, வேர்க்குழாயைக் கையால் சுழற்றும் மெல்லிய அரத்தால் சுத்தம் செய்து, புது மருந்து வைத்து, கொஞ்சம் கெட்டியான அடைப்பு போட்டால் போதும். மற்றப் பற்களை மூட ரப்பர் விரிப்பு போடுவார்கள். தண்ணீர் பீய்ச்சுகிற வேலை கிடையாது. அடைப்பு உடைந்த பல்லை அப்படியே விட்டால் எச்சில் உள்ளே இறங்கும், சுத்தம் செய்த வேரில் மறுபடியும் கிருமி சேரும், எலும்பில் சீழ் கட்டினாலும் கட்டும். அது முழு ஊரடங்கில் நடுராத்திரி வந்தால் எங்கே போவது?

"அப்போ கேப்?" என்று நான் கேட்டேன். கேப் போட பல்லைச் சுற்றிலும் ஏர் ரோட்டாரால் செதுக்க வேண்டும். "அதுக்கு அவசரமில்ல தம்பி. அந்தப் பக்கம் கடிக்காம இருந்தா போதும். அடுத்த வருஷம்கூடப் போட்டுக்கலாம்" என்றார்.

ஒரே பல்தான், ஆனால் இரண்டு பதில். உள்வேலைக்குப் போகலாம். மேல்வேலையைத் தள்ளிப் போடலாம். பாதுகாப்பு உடைக்கு எவ்வளவு கூடுதலாக ஆகும் என்பதையும் அப்பா முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். 18-ம் தேதி முதல் ஆளாகக் காலையில் அம்மாவை எக்ஸெல் வண்டியில் கூட்டிக்கொண்டு போனார். அம்மா மட்டும் உள்ளே போனார், அப்பா வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். திரும்பி வந்ததும் குளித்துவிட்டு, பத்து நாள் வீட்டுக்குள்ளும் மாஸ்க் போட்டிருந்தார். ஆயாவின் பாயைக் காற்று வருகிற வாசல் பக்கம் மாற்றினோம். ஆயாவுக்குச் சாப்பாடு கொடுத்தது நான். வேரை நிரப்பி முடித்தது செப்டம்பரில். கேப் போட்டது 2021 ஜனவரியில்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை வைத்து எங்கள் முடிவு சரி என்று நிரூபிக்க முடியாது. லேபில் ஒரே ஒரு ரீடிங்கை வைத்து கிராஃப் போட்டால் சார் விடுவாரா? முடிவு சரியா என்பதை, முடிவு எடுத்த அன்று நமக்கு என்ன தெரிந்திருந்தது என்பதை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

வலி ஒரு மீட்டர் ஆகுமா?

நம் வீடுகளில் பல்லுக்கு ஒரே மீட்டர்தான். வலித்தால் டாக்டர், வலிக்காவிட்டால் வேலையைப் பார். கொரோனா காலத்தில் இந்த மீட்டரை நம்பியவர்கள் பலர். ஆனால் இது பல சமயம் தப்பாகக் காட்டும்.

பல நாள் துடித்த பல் திடீரென்று அமைதியானால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. உள்ளே நரம்பு செத்துப்போயிருக்கலாம். கிருமி வேர் நுனி வழியாக எலும்புக்கு இறங்கிக்கொண்டிருக்கலாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக் இந்த இடத்தில் வேலையை முடிக்காது. செத்த நரம்புக்கு ரத்த ஓட்டம் இல்லை, மருந்து எப்படிப் போய்ச் சேரும்? பல்லைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும், அல்லது எடுத்துவிட வேண்டும். கிராம்பு எண்ணெய் சற்று நேரம் மரத்துப்போகச் செய்யும், அவ்வளவுதான்.

இதைவிட முக்கியமானது, வாயில் இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு. புகையிலை, ஹான்ஸ், பான் போடுகிறவர்களுக்கு இது புற்றுநோயின் தொடக்கமாக இருக்கலாம். ஆரம்பத்தில் வலியே இருக்காது. இதை ஊரடங்கு முடியட்டும் என்று தள்ளிப் போடக் கூடாது. பார்ப்பதற்கு ஏர் ரோட்டாரும் வேண்டாம், ஒரு விளக்கும் கண்ணாடியும் போதும்.

2021-ல் இரண்டாம் அலையின்போது இன்னொரு பாடம் வந்தது. கொரோனா வந்து ஸ்டீராய்டு மருந்து எடுத்த சர்க்கரை நோயாளிகள் சிலருக்குக் கறுப்புப் பூஞ்சை நோய் வந்தது. அந்த ஆண்டு மே மாதம் தமிழ்நாட்டில் அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக அரசு சேர்த்தது. அதன் அறிகுறிகளில் மேல் தாடை வலி, முகத்தில் ஒரு பக்க வீக்கம், நல்ல பல் ஆடுவது ஆகியவையும் உண்டு. "பல்லுதானே ஆடுது, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று இருந்தவர்களுக்குக் கண்ணுக்கும் உயிருக்கும்கூட ஆபத்து வந்தது.

எது காத்திருக்கும், எது காத்திருக்காது?

காத்திருக்கக் கூடியவை: பல் சுத்தம் செய்தல், பல்லை வெள்ளையாக்குதல், வலியில்லாத சின்னச் சொத்தை, கேப், பல் செட், கம்பி இறுக்குதல் (கம்பி உதட்டைக் குத்தினால் மட்டும் போன் செய்து கேட்க வேண்டும்).

சில நாளுக்குள் போக வேண்டியவை: தூங்கவிடாத வலி, ஈறில் சீழ்க்கட்டி, பாதியில் நிற்கிற ரூட் கேனலில் அடைப்பு விழுந்தது, ஆறாத புண்.

அன்றைக்கே போக வேண்டியவை: பல் பிடுங்கிய இடத்தில் பஞ்சைக் கடித்தும் நிற்காத ரத்தம், அடிபட்டு விழுந்த பல். கிரிக்கெட் ஆடும் நண்பர்கள் இதைக் கவனியுங்கள். விழுந்தது நிலைப்பல் என்றால் வேர்ப்பக்கம் தொடாமல் மேற்பக்கத்தைப் பிடித்து எடுத்து, பாலில் போட்டு, அரைமணி, ஒரு மணிக்குள் பல் டாக்டரிடம் போனால் திரும்ப நட வாய்ப்புண்டு.

கிளினிக்குக்கும் போகாமல் நேரே பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போக வேண்டியவை: தாடைக்கு அடியில் அல்லது கழுத்தில் வீக்கம், காய்ச்சலோடு வாய் திறக்க முடியாமை, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம். இதில் மணிக்கணக்கு முக்கியம். எந்தக் கொள்ளை நோய்க் காலமானாலும் 108-க்கு அடித்துவிட வேண்டியதுதான்.

போன் போட்டுக் கேட்க வேண்டியவை

1. அன்றைக்கு என்ன வேலை செய்வீர்கள்? அதில் தண்ணீர் பீய்ச்சுகிற கருவி உண்டா? கைக்கருவியால் முடியுமா?

2. இரண்டு வாரம், இரண்டு மாதம் தள்ளினால் இந்தப் பல் என்னாகும்? சின்ன வேலை பெரிய வேலையாகுமா?

3. ஜன்னல், எக்ஸாஸ்ட் ஃபேன் உண்டா? ஒருவருக்கும் அடுத்தவருக்கும் எவ்வளவு நேரம் விடுகிறீர்கள்? முதல் ஆளாக வரலாமா?

4. கூடுதல் செலவு எவ்வளவு?

5. இந்த ஐந்தாவதை நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். நம் வீட்டில் யாருக்கு வயது அதிகம், யாருக்குச் சர்க்கரை? நமக்குக் காய்ச்சல், இருமல் உண்டா? இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். அங்கே வேலை செய்கிற அக்காவுக்கும் வீட்டில் ஓர் ஆயா இருப்பார்.

பெரியவர்களுக்குள்ளேயே சண்டை

2020 ஆகஸ்டு 3-ம் தேதி உலக சுகாதார நிறுவனம், சமூகப் பரவல் உள்ள இடங்களில் வழக்கமான பல் சிகிச்சையைத் தள்ளிப் போடலாம் என்று அறிவுரை கூறியது. அதே மாதம் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம், பல் சிகிச்சையும் அத்தியாவசியம்தான் என்று கடுமையாக மறுத்தது. யார் சொல்வதைக் கேட்பது? இருவரும் ஒத்துப்போன இடம் ஒன்று உண்டு. அவசர சிகிச்சையை நிறுத்தக் கூடாது என்பதில் யாருக்கும் சண்டை இல்லை.

பிறகு ஒரு கணக்கும் வந்தது. 2020 ஜூனில் அமெரிக்காவில் சுமார் 2,200 பல் டாக்டர்களிடம் எடுத்த ஆய்வில், நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே தொற்று இருந்ததாகத் தெரிந்தது. கிட்டத்தட்ட எல்லோருமே கூடுதல் பாதுகாப்பைக் கடைப்பிடித்தவர்கள். மார்ச்சில் வரைபடம் காட்டிய ஆபத்து பொய்யில்லை. என்95 மாஸ்க், உறிஞ்சும் குழாய், ரப்பர் விரிப்பு, காற்றோட்டம், போன் விசாரணை எல்லாம் சேர்ந்தால் அந்த ஆபத்தைக் குறைக்க முடியும் என்று நம்பவும் இந்த ஆய்வு இடம் தந்தது. மெஷின் ஆபத்தானது என்பதற்காக நாம் ஒர்க்ஷாப்பை மூடிவிடுகிறோமா? கார்டு போட்டு, கண்ணாடி போட்டு, தெரிந்தவரைக் கேட்டு ஓட்டுகிறோம். தேவையில்லாத நேரத்தில் ஸ்விட்சைப் போடாமலும் இருக்கிறோம்.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். மருந்துச் சீட்டு, ரேஷன் மெசேஜ், ஆஸ்பத்திரி ஃபார்ம் எதுவாக இருந்தாலும் "நீதான் படிச்சவன், பார்த்துச் சொல்லு" என்று நம் கையில்தான் கொடுக்கிறார்கள். டிப்ளமோ படித்தால் டாக்டராகிவிட முடியாது. ஆனால் சரியான கேள்வியைக் கேட்டு, வந்த பதிலை வீட்டுப் பாஷையில் சொல்ல நம்மால் முடியும். இன்னொரு தொற்று வராது என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது. வந்தால், மேலே சொன்ன ஐந்து கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி வீட்டுக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். அதுவரை காலையும் இரவும் பல் துலக்குங்கள். சொத்தை சின்னதாக இருக்கும்போதே, ரயிலும் பஸ்ஸும் ஓடுகிற இந்தக் காலத்திலேயே, போய்க் காட்டிவிடுங்கள்.